காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா?

மக்காச்சோளம் பால் பிடிக்கும் பருவத்திலும், நிலக்கடலை காய் முற்றும் பருவத்திலும் சம்சாரிக்கு இரவுத் தூக்கம் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி, சத்தியமங்கலம் முதல் கடையநல்லூர் வரை இந்தத் தொல்லை பழையது. ஆனால் மலைக்கும் ஊருக்கும் பல மைல் இடைவெளி உள்ள விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் பூமியிலும் இன்று அதே நிலைதான். பகலெல்லாம் சீமைக்கருவேல் புதரில் படுத்துக் கிடக்கும் காட்டுப்பன்றிக் கூட்டம், இருட்டியதும் வெள்ளாமையில் இறங்குகிறது. தின்று தீர்ப்பதைவிட, சாய்த்தும் மிதித்தும் கிளறியும் பாழாக்குவதே அதிகம். விதை, உரம், களையெடுப்பு என்று மூன்று மாதம் கொட்டிய பணம் ஒரே இரவில் மண்ணோடு மண்ணாகிறது.

பரண் கட்டிக் காவல் இருக்கிறார்கள். தகர டப்பாவைத் தட்டுகிறார்கள். பட்டாசு வெடிக்கிறார்கள். பழைய சேலைகளை வரப்பு நெடுகக் கட்டுகிறார்கள். முதல் சில நாட்கள் பலன் இருக்கும். பிறகு பன்றி பழகிவிடும். அதன் பிறகு டீக்கடையிலும் கூட்டுறவுச் சங்க வாசலிலும் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருகிறது: "ஒரு துப்பாக்கி மட்டும் கையில் இருந்தால்!"

அந்த ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் துப்பாக்கி என்று பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. அந்தத் துப்பாக்கியில் என்ன தோட்டா போடுவது, எத்தனை அடி தூரத்தில் சுடுவது, குறி தப்பினால் குண்டு எங்கே போய் விழும், காயப்பட்ட பன்றியை யார் தேடுவது என்பவையே அந்தக் கேள்விகள். இவற்றுக்குப் பதில் இல்லாமல் சுடப்படும் பன்றி சாவதில்லை. காயத்தோடு ஓடிப் புதரில் படுக்கிறது. மறுநாள் விடியற்காலை களை பறிக்கப் போகும் பெண்தான் அதன் எதிரில் போய் நிற்கிறாள்.

ஆகவே இங்கே ஒன்றைத் திட்டமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சரியான தோட்டா இல்லாமல் பன்றியைச் சுடுவது, சுடாமல் விடுவதைவிடக் கெடுதல். இது வேட்டைக்காரர்களின் நுணுக்கப் பேச்சு அல்ல. வயலில் இறங்கி வேலை செய்யும் ஒவ்வொருவரின் உயிரைப் பற்றிய விஷயம்.

பன்றியின் உடல்வாகு

முயலையும் கௌதாரியையும் சுட்ட பழக்கத்தை வைத்துக் காட்டுப்பன்றியை எடை போடக் கூடாது. நன்கு வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோவைத் தாண்டும். அதன் தோள்பட்டையின் இரு புறமும், தோலுக்கு அடியில், குருத்தெலும்பு போலக் கெட்டிப்பட்ட ஒரு கவசம் உண்டு. பெண் பன்றிக்காக ஆண் பன்றிகள் ஒன்றோடொன்று மோதும்போது தந்தத்தின் குத்தைத் தாங்குவதற்காக இயற்கை கொடுத்த கேடயம் அது. அதற்கு மேல் முரட்டு மயிர். அதில் சேறு காய்ந்து ஓடு போல ஒட்டியிருக்கும். நெஞ்சும் நுரையீரலும் இந்தக் கவசத்துக்குப் பின்னால், முன்னங்காலை ஒட்டித் தாழ்வாக அமைந்திருக்கின்றன.

எனவே பன்றியை அந்த இடத்திலேயே வீழ்த்த வேண்டுமானால் குண்டுக்கு இரண்டு குணங்கள் வேண்டும். ஒன்று கனம், மற்றொன்று, உடையாமல் சிதறாமல் உள்ளே ஆழமாகப் போகும் தன்மை. வேகம் மட்டும் இருந்து கனம் இல்லாத குண்டு தோலையும் கொழுப்பையும் கிழித்துவிட்டு நின்றுவிடும். சத்தம் பெரிதாகக் கேட்கும், பன்றி கத்திக்கொண்டு ஓடும், சுட்டவருக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் நடந்தது என்னவோ ஒரு முரட்டு மிருகத்தைப் புண்படுத்தி ஆத்திரமூட்டியது மட்டுமே.

சிறு சன்னமும் பெரிய சன்னமும்

உரிமம் பெற்ற விவசாயிகளிடம் தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கி இருந்தால் அது பெரும்பாலும் 12 போர் துப்பாக்கியாகவே இருக்கும். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை கொள்ளும் அளவுள்ள குழல் என்பதே 12 போர் என்ற பெயரின் பொருள். இந்தத் துப்பாக்கி ஒன்றுதான்; ஆனால் அதில் போடும் தோட்டாக்கள் பல வகை. தோட்டா மாறினால் துப்பாக்கியே மாறிவிட்டது போலப் பலன் மாறும்.

பறவைக்கு உரிய ஆறாம் நம்பர் தோட்டாவை எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் இருநூறுக்கு மேற்பட்ட சிறு சன்னங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் எடையும் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. கேழ்வரகைவிடச் சற்றுப் பெரிய இந்த ஈயப் பொடி, பன்றியின் கவசத்தில் பட்டால் தோலோடு நின்றுவிடும். பி.பி. என்னும் தோட்டாவின் சன்னம் அதைவிடப் பெரியது. ஆனாலும் அரை கிராம்கூட இல்லை. அதுவும் பன்றிக்கு உதவாது.

எல்.ஜி. தோட்டாவின் கணக்கு வேறு. அதில் வழக்கமாக ஆறு குண்டுகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து கிராம். ஆறாம் நம்பர் சன்னத்தைப் போல நாற்பது மடங்குக்கு மேல் கனம். எஸ்.ஜி. தோட்டாவில் எட்டு அல்லது ஒன்பது குண்டுகள். ஒவ்வொன்றும் மூன்றரை கிராம் அளவு. நெருக்கத்தில் பன்றியின் நெஞ்சை எட்டக்கூடிய சன்னத் தோட்டாக்கள் இந்த இரண்டும்தான், இவற்றிலும் எல்.ஜி. மேல். இவற்றைவிட ஆழமாகப் பாய்வது ஒற்றை ஈயக் குண்டுத் தோட்டா. ஏறத்தாழ 28 கிராம் எடையுள்ள ஒரே குண்டு அது. எலும்பை உடைத்து உள்ளே போகும். ஆனால் அதற்குக் கை நிதானமும் பழக்கமும் வேண்டும். சன்னம் போலப் பரவி உதவி செய்யாது.

அடுத்தது தூரம். எல்.ஜி. குண்டுகள் குழலை விட்டதும் ஒன்றையொன்று விலகிப் பரவத் தொடங்கும். முப்பது மீட்டர் வரை அவற்றில் நான்கைந்து ஒரே இடத்தில் படும். அதைத் தாண்டினால் ஆறில் ஒன்றோ இரண்டோ படும். அதுவும் வயிற்றிலோ தொடையிலோ படும். முப்பது மீட்டர் என்பது நூறு அடி. 25 அடி இடைவெளியில் நட்ட தென்னந்தோப்பில் நான்கு இடைவெளி தூரம். பகலில் தோப்புக்குள் நின்று இந்த அளவைக் கண்ணில் பதித்துக்கொள்ளாதவர், இரவில் டார்ச் வெளிச்சத்தில் தூரத்தை எப்போதும் குறைத்தே மதிப்பிடுவார். ஒற்றைக் குண்டானால், பழகிய கைக்கு ஐம்பது மீட்டர் எல்லை. அதற்கு மேல் சுடுவது குருட்டு அதிர்ஷ்டத்தை நம்புவதாகும்.

தோட்டாவைப் பற்றிய வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. சிறு சன்னத் தோட்டாவை அறுத்துப் பிரித்து, பெரிய குண்டைத் திணித்து மூடிச் சுடும் கைவேலை சில இடங்களில் நடக்கிறது. இதைப்போல் ஆபத்து வேறில்லை. பல துப்பாக்கிகளின் குழல் முனை குறுகலாக இருக்கும். அளவு தெரியாமல் போட்ட உருண்டை அங்கே சிக்கினால் குழல் பிளந்து, சுட்டவர் கையும் கண்ணும் போகும். தொழிற்சாலையில் செய்த தோட்டாவையே, அந்தத் துப்பாக்கிக்கு உரிய அளவு பார்த்து, பயன்படுத்த வேண்டும். ஈரம் ஏறிய பழைய தோட்டாவை நம்பக் கூடாது. பன்றி எதிரே நிற்கும்போது வெடிக்காமல் போகும் தோட்டா, இல்லாத தோட்டாவைவிட மோசம்.

நாட்டுத் துப்பாக்கி

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைத்தான் பயிர்ப் பாதுகாப்புக்கென்று சட்டம் முதலில் நினைத்தது. ஓசை எழுப்பி விரட்டுவதற்கு அது போதும். ஆனால் பன்றியைக் கொல்ல அது ஏற்ற கருவி அல்ல. ஒரு முறை சுட்டால் மறுபடி கெட்டிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். காயப்பட்ட பன்றி முப்பது மீட்டரைக் கடந்து வர அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாது.

இதில் போடுவதும் பெரும்பாலும் 'பால்ரஸ்' என்று சொல்லப்படும் சிறு இரும்புக் குண்டுகள். இரும்பு ஈயத்தைவிட இலேசு. அதே பருமனில் எடை குறைவு. சீக்கிரம் வேகம் இழக்கும். கெட்டிக்கும் மருந்தும் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறுகிறது. இப்படிச் சுடப்பட்ட பன்றிகள் பல நாள் புண்ணோடு திரிந்து, சீழ் பிடித்துப் புதரிலோ ஓடையிலோ விழுந்து சாகின்றன. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதை வைத்திருப்பதே குற்றம்.

கைத்துப்பாக்கி ஆசை

கொஞ்சம் வசதி உள்ளவர்களிடையே இன்னொரு ஆசை தலைகாட்டுகிறது. தற்காப்புக்கென்று உரிமம் பெற்ற ரிவால்வரோ பிஸ்டலோ இருந்தால், இடுப்பில் செருகிக்கொண்டு வயலுக்குப் போகலாமே என்கிறார்கள். அமெரிக்காவில் கைத்துப்பாக்கியால் மானையும் பன்றியையும் வேட்டையாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இந்த ஆசைக்குக் காரணம்.

அமெரிக்காவில் அப்படி வேட்டையாடுவது உண்மைதான். ஆனால் எந்தக் கைத்துப்பாக்கியில், எந்தத் தோட்டாவால் என்று பார்க்க வேண்டும். அங்கே பெரிய விலங்குக்குப் பெயர்பெற்ற .44 மேக்னம் தோட்டா 1955-இல் வந்தது. அதன் வழக்கமான குண்டு 240 கிரெயின். அதாவது பதினைந்தரை கிராம். பன்றிக்கென்று போகிறவர்கள், விரிந்து பரவும் மெல்லிய குண்டை விட்டுவிட்டு, உடையாமல் ஆழமாகப் போகும் கனத்த கெட்டி ஈயக் குண்டைத் தேடி வாங்குகிறார்கள். அப்படியும் அருகிலிருந்தே சுடுகிறார்கள். கொலராடோ மாநிலத்தில் பெரிய விலங்கைக் கைத்துப்பாக்கியால் சுட வேண்டுமானால், ஐம்பது கஜ தூரத்தில் குண்டுக்கு 550 அடி-பவுண்டு விசையாவது இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. ஒரு பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கும் விசையே ஓர் அடி-பவுண்டு. அந்த அளவுக்குக் குறைந்த தோட்டா விலங்கைச் சித்திரவதை செய்யுமே தவிரக் கொல்லாது என்பதே அந்த விதியின் கருத்து.

இந்தியாவில் பொதுமக்களுக்கு உரிமத்தில் கிடைக்கும் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 வகை. அந்த ரிவால்வரின் குண்டு ஆறு கிராம் சொச்சம். குழலை விட்டுக் கிளம்பும்போதே அதன் விசை சாதாரணமாக 130 அடி-பவுண்டு அளவுதான். கொலராடோ கேட்பதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. மனிதனிடமிருந்து உயிரைக் காத்துக்கொள்ளச் செய்யப்பட்ட ஆயுதம் அது. அதை நம்பிப் பன்றியின் முன் நிற்பது, அருவாமனையை வைத்துக்கொண்டு புளியமரம் வெட்டப் போவது போல. தற்காப்புக்கு என்று வாங்கிய உரிமத்தை வேட்டைக்குப் பயன்படுத்தினால் உரிமமும் போகும்.

குறிக்குப் பின்னால் என்ன?

சிறு விவசாயியின் நிலம் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர். பக்கத்து வயலிலும் ஒருவர் காவலுக்குப் படுத்திருப்பார். அதற்கு அடுத்தது ஆட்டுக் கிடை. அதற்கும் அடுத்தது சாலை. எல்.ஜி. குண்டு ஒன்று மேல்நோக்கிப் போனால் 600, 700 மீட்டர் வரை சென்று விழக்கூடும். ஒற்றைக் குண்டு இன்னும் தூரம் போகும். பன்றிக்கு ஏற்ற தோட்டா, மனிதனுக்கும் ஏற்ற தோட்டா என்பதை மறக்கக் கூடாது. பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்டுவிட்ட செய்திகள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மீண்டும் மீண்டும் வருகின்றன. சோளப் பயிருக்குள் அசைவு தெரிந்ததும் விசையை இழுத்ததால் வந்த வினை அது.

ஆகவே குறிக்குப் பின்னால் மண்கரையோ மேடோ இருந்தால்தான் சுட வேண்டும். பரண்மேல் இருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மண்ணில் புதையும். விலங்கு முழுதாகக் கண்ணுக்குத் தெரியாமல் சுடவே கூடாது. சுட்ட பிறகு பன்றி புதருக்குள் போய்விட்டால், இருட்டில் பின்தொடரக் கூடாது. விடிந்த பிறகு, துணை ஆட்களோடும் துப்பாக்கியோடும் தேட வேண்டும். அதுவரை அந்தப் பக்கம் யாரும் வேலைக்குப் போகாதபடி ஊருக்குச் சொல்லிவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டு சட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கி வைத்திருக்க அனுமதிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். விலங்கைச் சுட அனுமதிப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். முதல் அனுமதி இருப்பதாலேயே இரண்டாவது கிடைத்துவிடாது. துப்பாக்கி உரிமம் கையில் இருக்கிறது என்று பன்றியைச் சுட்டுவிட்டு வழக்கில் மாட்டியவர்கள் இந்த வேற்றுமை தெரியாதவர்களே.

ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரச் சொல்கிறது. அதோடு ஒரு விலக்கும் இருக்கிறது. அந்தத் துப்பாக்கி போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத வழுவழுப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். 12 போர் துப்பாக்கி இதில் அடங்கும். கைத்துப்பாக்கி அடங்காது. இந்த விலக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது.

வன உயிரினச் சட்டத்தில் காட்டுப்பன்றி முன்பு மூன்றாம் பட்டியலில் இருந்தது. 2022-இல் திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தபின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தானால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்துமூலம் உத்தரவிட்டுச் சுடச் செய்யலாம் என்கிறது 11-ஆம் பிரிவு. உயிர் தப்ப வேறு வழியின்றி, நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இப்படிக் கொல்லப்பட்ட பன்றி அரசின் சொத்து. கறி போடக் கூடாது. உத்தரவின்றிச் சுட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

கேரளம் 2022 மே மாதத்தில் ஒரு வழி கண்டது. உள்ளாட்சித் தலைவர்களுக்கே அனுமதி தரும் அதிகாரத்தை அளித்தது. உரிமத் துப்பாக்கி உள்ளவரைக் கொண்டு சுடலாம். விஷம், வெடி, மின்சாரம் கூடாது என்பது நிபந்தனை. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் வேறொரு முறை அறிவிக்கப்பட்டது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். விளாத்திகுளத்து மக்காச்சோள விவசாயிக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

"காயம் பட்டாலும் போதுமே!"

இவ்வளவையும் கேட்ட பிறகும் ஒரு சம்சாரி இப்படிச் சொல்லக்கூடும்: "செத்தால் என்ன, காயப்பட்டால் என்ன? ஒரு தடவை சூடு பட்டால் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது." கடன் வாங்கி விதைத்தவர் இப்படிப் பேசுவதில் வியப்பில்லை. ஆனால் கணக்கு அப்படி இல்லை. காயப்பட்ட பன்றி நெடுந்தூரம் ஓட முடியாது. கூட்டத்தைவிட்டுப் பிரிந்து, பக்கத்துக் கரும்புத் தோட்டத்திலோ ஓடைப் புதரிலோ படுத்துக்கொள்ளும். தின்ன எளிதாகக் கிடைக்கும் பயிரையே மறுபடி தேடும். ஆளைக் கண்டால் ஓடுவதற்குப் பதில் பாயும். அதன் தந்தம் தொடை நரம்பைக் கிழித்தால், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விடும். ஒருவர் வயலில் பட்ட சூடு இன்னொருவர் வயலில் பழி வாங்கும்.

சுட முடியாதவர்கள் நாடும் மற்ற வழிகள் இதைவிடக் கொடுமை. அவுட்டுக்காய் பன்றியின் வாயைத்தான் கிழிக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மேய்ச்சலுக்குப் போன பசுவும் அதைக் கடிக்கும். 2020 மே மாதத்தில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வெடி வைத்த பழத்தைக் கடித்து வாய் சிதைந்த கர்ப்பிணி யானை ஆற்று நீரில் நின்றபடியே செத்தது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, திருட்டு மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. திருட்டு மின்வேலியில் வேலி போட்டவரும் அவர் வீட்டாரும் செத்த சம்பவங்களும் உண்டு.

கேட்க வேண்டியது எது?

ஆளுக்கொரு துப்பாக்கி என்ற கோரிக்கையால் சிறு விவசாயிக்குப் பலனில்லை. துப்பாக்கி விலை, தோட்டா விலை, உரிமப் புதுப்பிப்பு, தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பு என்று செலவும் அலைச்சலும் அவருக்குத் தாங்காது. பயிற்சி இல்லாத நூறு துப்பாக்கிகளைவிட, பயிற்சி பெற்ற இரண்டு துப்பாக்கிகள் ஒரு பஞ்சாயத்துக்குப் போதும். ஆகவே விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, குறைதீர் கூட்டங்களில் கேட்க வேண்டியவை வேறு.

முதலாவது, சுடும் உத்தரவில் தோட்டா வகையும் எழுதப்பட வேண்டும். 12 போர் துப்பாக்கியானால் எல்.ஜி. அல்லது ஒற்றைக் குண்டு மட்டுமே. சன்னத் தோட்டாவானால் முப்பது மீட்டர் எல்லை. சிறு சன்னமும் கைத்துப்பாக்கியும் கூடாது என்று தெளிவாக இருக்க வேண்டும். நிலைத்த உயரத்திலிருந்து சரியான ரைபிளால் சுடும் வனத்துறைக் காவலர் வந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, நேரம். கடலை பிடுங்கி முடிந்த பிறகு வரும் அனுமதியால் யாருக்கும் லாபமில்லை. பயிர் முற்றும் மாதங்களைக் கணக்கிட்டு, முன்கூட்டியே சுடும் குழுவைத் தயாராக வைக்க வேண்டும். ஆட்கள் போதாது என்றால், ஏற்கெனவே 12 போர் உரிமம் பெற்று நற்பெயரோடு இருக்கும் உள்ளூர் விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுத்து, வனத்துறையின் மேற்பார்வையில் துணைக்குச் சேர்க்கலாம். 13-ஆம் பிரிவின் விலக்கு இதற்குத்தான் உதவ வேண்டும்.

மூன்றாவது, காயப்பட்ட பன்றிக்குப் பொறுப்பு. சுட்டது விழுந்ததா, விழவில்லையா என்று பதிவு செய்ய வேண்டும். விழாவிட்டால், அதைத் தேடி முடிக்கும் வரை அந்தக் குழு ஊரைவிட்டுப் போகக் கூடாது. இந்த ஒரு விதி இருந்தாலே கண்டபடி சுடும் பழக்கம் நின்றுவிடும்.

துப்பாக்கி மட்டுமே பன்றிப் பெருக்கத்தைத் தடுத்துவிடாது என்பதையும் மறைக்கக் கூடாது. ஒரு தாய்ப்பன்றி ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் போடும். வயலோரச் சீமைக்கருவேலை அகற்றுவது, அடுத்தடுத்த நிலத்தார் சேர்ந்து ஒரே வேலியாகப் போடுவது, மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கு விதைப்பது போன்றவை தொடர்ந்து நடக்க வேண்டும். இவற்றையெல்லாம் மீறி வரும் பன்றிக்குத்தான் தோட்டா.

அந்தத் தோட்டா ஒரே வெடியில் வேலையை முடிப்பதாக இருக்க வேண்டும். அதற்கு உறுதி இல்லாத இரவில், விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டுத் தகர டப்பாவைத் தட்டுவதே புத்திசாலித்தனம். போன பயிரை அடுத்த போகத்தில் எடுத்துக்கொள்ளலாம். களை பறிக்கப் போன பெண்ணின் உயிரைத் திரும்ப எடுக்க முடியாது.